அக்சஸ் கன்ட்ரோலில் அலாரம் இன்புட் அமைப்பது எப்படி: வயர் முனையிலிருந்து கன்ட்ரோல் ரூம் திரை வரை

அக்சஸ் கன்ட்ரோல் என்றதும் எல்லார் கண்ணும் கார்டு, ரீடர், பூட்டு மூன்றின் மேல்தான் போகும். கார்டைக் காட்டினால் கதவு திறக்கிறதா, சரி, வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது அந்தக் கதவை இயக்கும் கன்ட்ரோலர் போர்டில் இன்னொரு ஓரத்தில், சென்சார் வயர்கள் வந்து சேரும் இன்புட் டெர்மினல்கள்தான். படிக்கட்டுக் கதவை யாராவது நெம்பித் திறந்தார்களா, பூட்டிய சர்வர் அறைக்குள் ஆள் நடமாட்டம் இருக்கிறதா, ரிசப்ஷனில் இருப்பவர் பேனிக் பட்டனை அழுத்தினாரா, கன்ட்ரோலர் பெட்டியின் மூடியை யாராவது கழற்றினார்களா என்ற எல்லாச் சேதியும் ஒரு ஜோடி வயர் வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.

அந்த ஜோடி வயரைச் சரியாக அமைப்பதைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி. சில தளங்கள் கொண்ட ஓர் அலுவலகக் கட்டடத்தை மனதில் வைத்துக்கொள்வோம். பல நிறுவனங்களின் மென்பொருளோடும் வேலை செய்யும் மெர்குரி வகை கன்ட்ரோலர்களும், அவற்றோடு சேரும் 16 இன்புட் கொண்ட எம்.ஆர்.16.ஐ.என். போன்ற போர்டுகளும் நம் ஊர்ப் பெரிய கட்டடங்களில் அடிக்கடி கண்ணில் படுபவை. உதாரணங்களை அந்த அமைப்பை ஒட்டியே சொல்கிறேன். உங்களிடம் வேறு கம்பெனி சாதனம் இருந்தால் மெனுவின் பெயர்கள் மாறும். வேலையின் வரிசை மாறாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓர் இன்புட் 'திறந்தது', 'மூடியது' என்று இரண்டு சேதி மட்டும் சொன்னால் அதை நம்பி ஒரு கட்டடத்தை விட்டுவிட்டு வர முடியாது. 'என் வயர் அறுந்துவிட்டது', 'என் வயரை யாரோ ஷார்ட் செய்துவிட்டார்கள்' என்ற இரண்டையும் சேர்த்து நான்கு சேதி சொல்லும்படி அது அமைய வேண்டும். கீழே வரும் பாதி வேலை இதற்காகத்தான்.

பாயின்ட் லிஸ்ட்: மென்பொருளைத் திறக்கும் முன்

கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு முன் ஒரு எக்ஸல் ஷீட் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு இன்புட்டுக்கும், அதாவது ஒவ்வொரு பாயின்ட்டுக்கும், ஒரு வரி. எந்த கன்ட்ரோலர், எந்த போர்டு, போர்டு அட்ரஸ், எந்த டெர்மினல், எந்தத் தளம், எந்த இடம், என்ன சாதனம், என்.சி.யா என்.ஓ.வா (அடுத்த பகுதியில் சொல்கிறேன்), ரெசிஸ்டர் மதிப்பு, எந்த நேரத்தில் விழித்திருக்க வேண்டும், அலாரம் வந்தால் யார் போக வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். கடைசிக் கலத்தை நிறையப் பேர் காலியாக விடுகிறார்கள். யார் போவது என்று தெரியாத ஒரு அலாரத்தை எதற்காக வைக்கிறோம் என்று கட்டடத்தின் உரிமையாளரோடு அங்கேயே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. சில பாயின்ட்கள் அந்தப் பேச்சிலேயே தேவையில்லை என்று விழுந்துவிடும்.

பெயர் வைப்பதிலும் ஒரு முறை வேண்டும். தளம், திசை அல்லது அறை, சாதனம் என்ற ஒரே வரிசையில் எல்லாப் பெயரும் வரட்டும். '3ஆம் தளம் - வடக்குப் படிக்கட்டு - கதவு' என்ற பெயரைப் படித்தவர் நேராக அங்கே ஓடலாம். 'இன்புட் 07' என்பதைப் படித்தவர் வரைபடத்தைத் தேட வேண்டும். வயரின் இரண்டு முனையிலும் ஃபெரூல் நம்பர், அதாவது வயரில் மாட்டும் சின்ன அடையாள எண், போடுங்கள். அந்த நம்பரும் ஷீட்டில் ஏறட்டும்.

என்.சி.யா, என்.ஓ.வா

சென்சாருக்குள் சர்க்யூட்டை இணைக்கும் அல்லது பிரிக்கும் சுவிட்ச்தான் கான்டாக்ட். சாதாரண நிலையில் மூடியிருக்கும் கான்டாக்ட் என்.சி., திறந்திருக்கும் கான்டாக்ட் என்.ஓ. கதவு கான்டாக்ட், ஆள் நடமாட்டத்தை உணரும் பி.ஐ.ஆர். மோஷன் சென்சார், பெட்டியின் மூடி திறப்பதைக் காட்டும் டாம்பர் சுவிட்ச் ஆகியவற்றை என்.சி.யாகவே எடுங்கள். பி.ஐ.ஆர். சென்சாரில் அலாரம் ரிலே பொதுவாக சப்ளை இருக்கும்வரை இழுத்துப் பிடித்திருக்கும். சப்ளை போனால் விட்டுவிடும். அதனால் அடாப்டர் பழுதானாலும் அலாரம் வந்துவிடும். எக்ஸிட் பட்டன் பெரும்பாலும் என்.ஓ.

கதவில் வைக்கும் மேக்னடிக் கான்டாக்ட்டில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. காந்தம் பக்கத்தில் இருக்கும்போது மூடியிருப்பதைச் சில கம்பெனிகள் என்.சி. என்றும், காந்தமே இல்லாதபோது திறந்திருப்பதால் அதையே சில கம்பெனிகள் என்.ஓ. என்றும் அச்சிடுகின்றன. பெட்டியில் உள்ள எழுத்தை விட்டுவிடுங்கள். காந்தத்தை அருகில் வைத்து மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பாருங்கள். பீப் சத்தம் வந்தால், கதவு மூடியிருக்கும்போது மூடியிருக்கும் கான்டாக்ட் அது. நமக்கு அதுதான் என்.சி.

கான்டாக்ட்டைக் கீல் பக்கம் வைக்காதீர்கள். கதவு ஒரு சாண் திறந்தால்கூடக் கீல் பக்கம் காந்தம் அசைவது மிகக் குறைவு. பூட்டு இருக்கும் விளிம்பில், மேல் சட்டத்தில் வையுங்கள். இரும்புக் கதவு காந்தப் புலத்தை இழுத்துக்கொள்வதால் வேலை செய்யும் இடைவெளி குறையும். அதற்கும் ரோலிங் ஷட்டருக்கும் தனியாக வரும் ஹெவி டியூட்டி வகையைத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று. இந்த இன்புட்களுக்குள் போக வேண்டியது டிரை கான்டாக்ட், அதாவது தனக்கென்று வோல்டேஜ் இல்லாத வெறும் சுவிட்ச், மட்டுமே. 12 வோல்ட்டோ 24 வோல்ட்டோ வெளியிலிருந்து வந்து நுழையக் கூடாது. ஜெனரேட்டர் பேனலிலிருந்தோ லிஃப்டிலிருந்தோ சிக்னல் எடுப்பதாக இருந்தால் நடுவில் ஒரு ரிலே போட்டு, அதன் கான்டாக்ட்டை மட்டும் கொண்டுவாருங்கள்.

ரெசிஸ்டர்: இங்கே கொஞ்சம் நிதானமாக

வெறும் வயரை கான்டாக்ட்டில் இணைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். என்.சி. கதவு கான்டாக்ட் என்றால், வயரை வெட்டியதும் அலாரம் வரும், அது பரவாயில்லை. ஆனால் ஃபால்ஸ் சீலிங்கில் அந்த இரண்டு வயரையும் தோலுரித்து முறுக்கிவிட்டால் கதவு எப்போதும் மூடியே இருப்பதாகத்தான் கன்ட்ரோலர் நினைக்கும். கதவு விரியத் திறந்து கிடந்தாலும் திரையில் பச்சைதான். பேனிக் பட்டன் வெறும் என்.ஓ.வாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எலி வயரைக் கடித்துத் துண்டாக்கிய பிறகும் எல்லாம் நார்மல் என்றே காட்டும். ஆபத்தில் இருப்பவர் அழுத்தும் நொடியில்தான் அந்த பட்டன் செத்துப் பல மாதம் ஆகிவிட்டது தெரியவரும்.

இதைத் தடுக்கத்தான் வயரின் கடைசி முனையில், சென்சார் பக்கம் வைக்கும் எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர். மெர்குரி போர்டுகளில் வழக்கமாக 1 கே, அதாவது 1,000 ஓம், மதிப்பில் இரண்டு போடுவார்கள். வேறு கம்பெனிகள் 2.2 கே, 4.7 கே, 5.6 கே என்று கேட்கும். அந்தந்த மேனுவலில் உள்ளதையே வாங்குங்கள். 1 சதவீத டாலரன்ஸ் வகையே சரி. 1 கே என்றால் உடம்பில் பழுப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு, பழுப்பு என்று ஐந்து வளையம் இருக்கும்.

இணைப்பு இப்படி: ஒரு ரெசிஸ்டர் கான்டாக்ட்டின் இரண்டு காலுக்கும் குறுக்கே, பேரலலாக. இன்னொன்று கன்ட்ரோலருக்குத் திரும்பும் ஒரு வயரில், சீரிஸாக. இப்போது கணக்கைப் பாருங்கள். கதவு மூடியிருந்தால் கான்டாக்ட் தன் குறுக்கே உள்ள ரெசிஸ்டரை ஷார்ட் செய்துவிடும், மிஞ்சுவது சீரிஸில் உள்ள 1,000 ஓம். கதவு திறந்தால் இரண்டும் சேர்ந்து 2,000 ஓம். வயர் ஷார்ட் ஆனால் பூஜ்யம். வயர் அறுந்தால் எல்லையற்ற ரெசிஸ்டன்ஸ். நான்கு நிலைக்கும் நான்கு மதிப்பு வந்துவிட்டது. என்.ஓ. சாதனத்தில் இதே இணைப்புதான், சாதாரண நிலை 2,000 ஓமாகவும் அலாரம் 1,000 ஓமாகவும் மாறும்.

இரண்டு ரெசிஸ்டரும் சென்சார் முனையில்தான் இருக்க வேண்டும். சென்சார் உடம்புக்குள், அல்லது அதை ஒட்டிய ஜங்ஷன் பாக்ஸில். வேலை சுலபம் என்று கன்ட்ரோலர் டெர்மினலிலேயே இரண்டையும் முறுக்கிவிடும் வழக்கம் பல சைட்டில் இருக்கிறது. அப்படிச் செய்தால் வெளியே போகும் வயர் முழுவதும் மறுபடி பாதுகாப்பில்லாத வயர்தான். வெளியே ஷார்ட் செய்தால் 1,000 ஓம், அதாவது நார்மல். வெளியே வெட்டினால் 2,000 ஓம், கதவு திறந்ததாகக் காட்டும். மென்பொருளில் 'சூப்பர்வைஸ்டு' (வயர் கண்காணிப்பில் உள்ளது) என்று இருக்கும், உண்மையில் எதுவும் கண்காணிக்கப்படாது. ஒரு சைட்டை டேக் ஓவர் செய்யும்போது நான் முதலில் திறந்து பார்ப்பது இதைத்தான். கன்ட்ரோலர் பெட்டிக்குள்ளேயே ரெசிஸ்டர் கூட்டம் தெரிந்தால் மொத்தத்தையும் சென்சார் முனைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுவேன்.

இரட்டைக் கதவுக்கு இரண்டு கான்டாக்ட் ஒரே இன்புட்டில் வரலாம். இரண்டையும் சீரிஸில் கோத்து, அந்த மொத்தச் சங்கிலிக்கும் குறுக்கே ஒரே ஒரு பேரலல் ரெசிஸ்டர் போடுங்கள். ஒவ்வொரு கான்டாக்ட்டுக்கும் தனித்தனியாகப் போட்டால், இரண்டு கதவும் திறக்கும்போது 1,000 + 1,000 + 1,000 என்று 3,000 ஓம் வந்து நிற்கும். அது கன்ட்ரோலர் எதிர்பார்க்கும் எந்த மதிப்பும் இல்லை. சில பி.ஐ.ஆர். மாடல்களில் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கும், ஜம்பர் வைத்துத் தேர்வு செய்யலாம். அங்கே வெளியேயும் ஒன்று போட்டுவிடாதீர்கள்.

வயரின் நீளம் பற்றிப் பலர் கவலைப்படுவார்கள். 22 கேஜ் செம்பு வயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 53 ஓம். 100 மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்பினால் சுமார் 11 ஓம்தான் கூடும், 1,000 ஓமுக்கு முன்னால் இது பொருட்டில்லை. தொந்தரவு தருபவை துரு ஏறிய ஜாயின்ட்டும் ஈரமும்தான். மொட்டை மாடிக் கதவின் ஜங்ஷன் பாக்ஸில் மழைத் தண்ணீர் இறங்கி, இரண்டு வயருக்கும் நடுவில் 3,000 ஓம் அளவுக்கு ஒரு கசிவுப் பாதை உண்டாகிவிட்டது என்று வையுங்கள். கதவு மூடியிருக்கும்போது கன்ட்ரோலர் பார்ப்பது 750 ஓம். கதவு திறந்தால் 2,000க்குப் பதிலாக 1,200 ஓம். திறந்த கதவு மூடிய கதவின் மதிப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது! வெளியே இருக்கும் பாக்ஸுக்கு வாட்டர்ப்ரூஃப் வகை, கீழ்ப்பக்கமாக வயர் நுழையும் கிளாண்டு, சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போட்ட ஜாயின்ட் என்று செலவு செய்வது இதற்காகத்தான். கரண்ட் வயர் போகும் கான்ட்யூட்டில் இன்புட் வயரை இழுக்காதீர்கள். ஷீல்டு உள்ள கேபிள் என்றால் ஷீல்டைக் கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள்.

மீட்டரை எடுங்கள்

டெர்மினலில் மாட்டும் முன், கன்ட்ரோலர் பக்கத்தில் இரண்டு வயரையும் கழற்றி வைத்தபடியே ஓம் அளந்து பாருங்கள். ஒருவர் கதவைத் திறந்து மூட வேண்டும். 1 கே, 1 கே இணைப்புக்கு என்ன பொருள் என்று கீழே தருகிறேன்.

மூடினால் 1,000, திறந்தால் 2,000: சரி.
மூடினால் 2,000, திறந்தால் 1,000: கான்டாக்ட் எதிர் வகை. சாதனத்தை மாற்றுங்கள், அல்லது மென்பொருளில் என்.ஓ. என்று அமையுங்கள்.
மூடினால் 1,000, திறந்தால் எதுவும் காட்டவில்லை: பேரலல் ரெசிஸ்டர் இல்லை.
மூடினால் பூஜ்யம், திறந்தால் 1,000: சீரிஸ் ரெசிஸ்டர் இல்லை.
இரண்டிலும் 1,000: கான்டாக்ட் ஒட்டிக்கொண்டது, அல்லது கான்டாக்ட் பக்கத்தில் ஷார்ட்.
இரண்டிலும் 2,000: காந்தம் தள்ளி இருக்கிறது, அல்லது கான்டாக்ட் பழுது.

வந்த மதிப்பை அப்படியே பாயின்ட் லிஸ்டில் எழுதுங்கள். 1,004 என்று வந்தால் 1,004. இரண்டு வருடம் கழித்து அதே இடத்தில் 1,180 வந்தால், எங்கோ ஒரு ஜாயின்ட் கெட ஆரம்பித்திருக்கிறது என்று சொல்ல இந்த ஒரு எண் போதும்.

போர்டை மென்பொருளில் சேர்ப்பது

இந்தப் பகுதி சீக்கிரம் முடிந்துவிடும். போர்டில் உள்ள டிப் சுவிட்சில், அதாவது சின்னச் சின்ன சுவிட்ச்களின் வரிசையில், அட்ரஸ் அமைக்க வேண்டும். போர்டுகளை கன்ட்ரோலரோடு இணைக்கும் ஒரே ஆர்.எஸ்.485 லைனில் இரண்டு போர்டுக்கு ஒரே அட்ரஸ் இருக்கக் கூடாது. லைனின் இரண்டு கோடியிலும் டெர்மினேஷன் (லைனை முடித்துவைக்கும் ரெசிஸ்டர்) இருக்கட்டும், நடுவில் உள்ள போர்டுகளில் அந்த ஜம்பரை எடுத்துவிடுங்கள். மென்பொருளில் கன்ட்ரோலரின் கீழே அதே மாடல், அதே அட்ரஸ் கொடுத்து போர்டைச் சேர்த்து, டவுன்லோடு செய்து, 'ஆன்லைன்' என்று வருகிறதா பாருங்கள். வராவிட்டால் பெரும்பாலும் காரணம் அட்ரஸ், லைனின் பிளஸ் மைனஸ் மாறியிருப்பது, ஸ்பீடு என்ற மூன்றில் ஒன்று.

எம்.ஆர்.16.ஐ.என். போர்டில் 16 இன்புட் தவிர, பெட்டியின் டாம்பருக்கும் பவர் ஃபால்ட்டுக்கும் தனி இன்புட் உண்டு. அவற்றைப் பயன்படுத்துங்கள். தேவையில்லை என்று ஷார்ட் செய்துவிட்டால், பெட்டியைத் திறந்து வயரைக் கையாள்பவரை யாரும் பார்க்கப்போவதில்லை.

ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் கொடுக்க வேண்டியவை

முதலில் பெயர், ஷீட்டில் உள்ளபடியே. அடுத்து இன்புட் வகை. இதில் என்.சி. அல்லது என்.ஓ., சூப்பர்வைஸ்டு அல்லது இல்லை என்று நான்கு தேர்வு வரும். சூப்பர்வைஸ்டு தேர்ந்தெடுத்ததும் ரெசிஸ்டர் டேபிள் எது என்று கேட்கும். போட்டிருக்கும் ரெசிஸ்டரும் இந்த டேபிளும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் போர்டு முழுக்க ஃபால்ட் விழும். அதைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் 'சூப்பர்வைஸ்டு இல்லை' என்று மாற்றுவது, வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுப் போவதற்குச் சமம். காரணத்தைத் தேடுங்கள்.

அடுத்தது டிபவுன்ஸ். நிலை மாறி எவ்வளவு நேரம் நிலையாக இருந்தால் அதை உண்மை என்று ஏற்கலாம் என்பதுதான் அது. காற்றில் ஆடும் கதவுக்குச் சற்றுக் கூடுதலாக வைக்கலாம். கண்ணாடி உடைவதையோ அதிர்வையோ பார்க்கும் சென்சார்கள் ரொம்பக் குறுகிய பல்ஸ்தான் தரும், அங்கே கூட்டினால் அலாரமே பதிவாகாது. ஒரு கதவு தொல்லை கொடுக்கிறது என்று எல்லா இன்புட்டுக்கும் ஒரே பெரிய மதிப்பைப் போட்டுவிடாதீர்கள்.

லாட்சிங் என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டால், நிலை திரும்பினாலும் ஒருவர் வந்து ரீசெட் செய்யும்வரை அலாரம் நிற்கும். பேனிக் பட்டனுக்கும் டாம்பருக்கும் அது வேண்டும், சாதாரணக் கதவுக்கு வேண்டாம். என்ட்ரி டிலே, எக்ஸிட் டிலே இரண்டும் உள்ளே நுழைந்து கீபேடில் நம்பர் போட்டு அலாரத்தை அணைக்கும் அறைகளுக்கு மட்டும்தான். கீபேடு வரை நடந்துபோய் நம்பர் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருமுறை பார்த்து, அதற்கு மேல் சில நொடி கூட்டிக் கொடுங்கள்.

பவர் சப்ளையின் ஏ.சி. ஃபெயில் (மெயின் கரண்ட் போனது), பேட்டரி லோ சிக்னல்களும் இன்புட்டாக வரும். நம் ஊரில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் இடைவெளி எல்லாக் கட்டடத்திலும் உண்டு. ஏ.சி. ஃபெயிலுக்கு ஒன்றிரண்டு நிமிடம் டிலே கொடுத்தால், ஒவ்வொரு பவர் கட்டுக்கும் எல்லாத் தளத்திலிருந்தும் அலாரம் கொட்டாது. பேட்டரி லோவுக்கு டிலே வேண்டாம்.

கதவோடு சேர்ந்த இரண்டு இன்புட்கள்

கதவு கான்டாக்ட்டும் எக்ஸிட் பட்டனும், அதாவது ரெக்ஸும், பொதுவான பாயின்ட்களாக நிற்காமல் அந்தந்தக் கதவின் செட்டிங்கில் சேரும். கார்டு காட்டாமல், ரெக்ஸ் வராமல் கதவு திறந்தால் அது 'ஃபோர்ஸ்டு ஓப்பன்'. முறையாகத் திறந்து, மூடாமல் விட்டால் 'ஹெல்டு ஓப்பன்'.

எல்லாரும் வெளியே போகும்போதெல்லாம் ஃபோர்ஸ்டு ஓப்பன் வருகிறது என்ற புகார்தான் இந்தத் துறையில் அதிகம் கேட்பது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். எக்ஸிட் பட்டனை நேராகப் பூட்டின் சப்ளையில் மட்டும் இணைத்திருப்பார்கள், கன்ட்ரோலருக்கு வயர் போயிருக்காது. பட்டனை அழுத்தியதும் பூட்டு விடும், கதவு திறக்கும். கன்ட்ரோலருக்கோ யாரோ உடைத்துத் திறந்ததாகத்தான் தெரியும். ரெக்ஸ் சிக்னல் கன்ட்ரோலருக்கும் போனால் இந்த அலாரம் நின்றுவிடும். உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினாலே திறக்கும் பூட்டு என்றால், கைப்பிடிக்குள் ரெக்ஸ் சுவிட்ச் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மேலே ஒரு ரெக்ஸ் சென்சார் வையுங்கள்.

ஹெல்டு ஓப்பன் நேரத்தை எல்லாக் கதவுக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டாம். அலுவலகக் கதவுக்கு 30 நொடி போதும். சரக்கு ஏற்றி இறக்கும் கதவுக்கு இரண்டு மூன்று நிமிடம் தேவைப்படும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கான கார்டுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கும் வசதி பெரும்பாலான மென்பொருளில் உண்டு, அதைக் கட்டாயம் போடுங்கள். நேரத்தைக் கூட்டும் முன் டோர் குளோசரைப் பாருங்கள். கதவு கடைசி இரண்டு அங்குலத்தில் நின்றுவிடுகிறது என்றால் சரிசெய்ய வேண்டியது குளோசரின் ஸ்க்ரூவைத்தான்.

மேக்னடிக் லாக் உள்ள கதவில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. தீ அலாரம் வந்தால் பூட்டு விட வேண்டும். அது மென்பொருள் வழியாக நடக்கக் கூடாது. தீ அலாரம் பேனலின் ரிலே நேராகப் பூட்டின் சப்ளையை வெட்ட வேண்டும். கன்ட்ரோலர் ஹேங் ஆனாலும், சர்வர் செத்தாலும் கதவு விடும். அவசரத்தில் கண்ணாடியை உடைத்துக் கதவைத் திறக்கும் பச்சை நிற பிரேக் கிளாஸ் பெட்டியிலும் அப்படித்தான். அதில் இரண்டு கான்டாக்ட் உள்ள வகையை எடுத்து, ஒன்றைப் பூட்டின் சப்ளைக்கும் மற்றதை அலாரம் இன்புட்டுக்கும் கொடுங்கள். முதலாவது ஆளைக் காப்பாற்றும், இரண்டாவது எந்தக் கதவில் யாரோ கண்ணாடியை உடைத்தார்கள் என்று காட்டும். தீ பேனலிலிருந்தும் இன்னொரு கான்டாக்ட் எடுத்து இன்புட்டில் போட்டால் பதிவு இருக்கும். பதிவுக்கான அந்த இன்புட்டே கதவைத் திறந்துவிடும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மாஸ்க், ஷெட்யூல்

பகலில் ஆட்கள் நடமாடும் கூடத்தில் மோஷன் சென்சார் அலாரம் கொடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. அதற்காக அந்த நேரத்தில் அதை மறைத்து வைப்பதுதான் மாஸ்க். சில மென்பொருளில் ஷண்ட், பைபாஸ், டிஸ்ஆர்ம் என்று இருக்கும்.

இங்கே தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது, ஷெட்யூல் ஓடும்போது பாயின்ட் தூங்குகிறதா விழிக்கிறதா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். தலைகீழாகப் போட்டால் பகல் முழுக்க அலறி, இரவு முழுக்க உறங்கும். இரண்டாவது, நள்ளிரவைத் தாண்டும் நேரம். மாலை 7 முதல் காலை 8 வரை என்று ஒரே வரியில் கொடுக்கப் பல மென்பொருள்கள் விடாது. 19:00 முதல் 24:00, 00:00 முதல் 08:00 என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவது பகுதிக்கு மறுநாளின் கிழமையையும் டிக் செய்ய வேண்டும். வெள்ளி இரவு தொடங்கி சனி காலை முடியும் பகுதி இதில்தான் விட்டுப்போகும்.

மூன்றாவது, விடுமுறை. தீபாவளி ஒரு திங்கட்கிழமை வருகிறது. அலுவலகம் காலி. ஆனால் திங்கள் பகலில் சென்சாரைத் தூங்கவைக்கும் ஷெட்யூல் வழக்கம்போல ஓடும். கட்டடத்தில் ஒருவரும் இல்லாத பகல் பொழுதில் ஒரு சென்சாரும் விழித்திருக்காது. பொங்கல் விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போகும் நாட்களிலும் இதே கதை. ஹாலிடே டேபிளில் வருடத்தின் எல்லா விடுமுறையையும் ஏற்றி, அந்த நாட்களில் மாஸ்க் ஓடாதபடி ஷெட்யூலோடு இணைத்துவிடுங்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த வருடத்துப் பட்டியலை ஏற்றும் பொறுப்பு யாருடையது என்று பெயர் போட்டு எழுதி வையுங்கள்.

பேனிக் பட்டன், டாம்பர், பிரேக் கிளாஸ் ஆகியவற்றுக்கு மாஸ்க் ஷெட்யூலே கிடையாது, 24 மணி நேரமும் விழித்திருக்க வேண்டும். இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஒரு பாயின்ட்டை மாஸ்க் செய்துவிட்டு அதன் வயரைக் கழற்றிப் பாருங்கள். ஃபால்ட் வருகிறதா? சில அமைப்புகளில் மாஸ்க் அதையும் சேர்த்து மறைத்துவிடும். அப்படியானால் பகலில் வயரை வெட்டிவைத்தவரை இரவில் மாஸ்க் நீங்கும்போதுதான் கண்டுபிடிப்பீர்கள். ஃபால்ட்டை மட்டும் மறைக்காமல் விடும் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள்.

திரையில் என்ன வர வேண்டும்

எல்லாவற்றுக்கும் உயர்ந்த பிரயாரிட்டி கொடுத்தால் எதற்குமே பிரயாரிட்டி இல்லை. பேனிக் பட்டன், தீ சம்பந்தப்பட்டவை முதலில். அடுத்து ஃபோர்ஸ்டு ஓப்பன், இரவு நேர மோஷன். பிறகு டாம்பர், வயர் ஃபால்ட். கடைசியில் ஹெல்டு ஓப்பனும் பவரும். சில மென்பொருளில் 1 என்பது உச்சம், சிலவற்றில் பெரிய எண் உச்சம். பார்த்துப் போடுங்கள்.

அலாரத்தோடு சேர்ந்து வரும் குறிப்பு வாசகத்தில் உண்மையிலேயே நேரம் செலவு செய்யுங்கள். கன்ட்ரோல் ரூமில் இரவு ஷிப்டில் ஒரே ஒருவர் இருப்பார், சில சமயம் வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. 'கேமரா 14 பார்க்கவும். ஆள் தெரிந்தால் தனியாகப் போக வேண்டாம், சூப்பர்வைசருக்கு போன் செய்யவும். ஆள் இல்லை என்றால் ரோந்துக் காவலரை அனுப்பிக் கதவைப் பூட்டி, நேரத்தைப் பதிவு செய்யவும்' என்று திரையில் இருந்தால் அவர் திகைத்து நிற்க மாட்டார். காவலர் ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவர் என்றால் அவர் படிக்கும் மொழியிலும் அது இருக்க வேண்டும். மென்பொருள் அந்த எழுத்தை ஏற்காவிட்டால் அச்சிட்டு மேசையில் ஒட்டுங்கள்.

பேனிக் பட்டனுக்கு மட்டும் ஒரு கவனம். அழுத்தப்பட்ட இடத்தில் சத்தமோ விளக்கோ வரக் கூடாது. எதிரில் நிற்பவருக்குத் தெரியாமல் கன்ட்ரோல் ரூமுக்கு மட்டும் போகட்டும்.

இன்புட் வந்தால் அவுட்புட் இயங்கும் இணைப்புகளையும் கேமரா தானாகத் திரையில் வருவதையும் இந்த நிலையில் சேர்க்கலாம். ஒரே கன்ட்ரோலருக்குள் அமையும் இணைப்பு, சர்வர் இல்லாதபோதும் ஓடும். சர்வர் வழியாகப் போகும் இணைப்பு ஓடாது. சைரன் போன்ற முக்கியமானவற்றை முதல் வகையில் வையுங்கள்.

நான்கு நிலையும் கையால் சோதிப்பது

டவுன்லோடு முடிந்ததும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் திரை முன்னால், ஒருவர் சென்சார் முன்னால், இருவர் கையிலும் போன். ஒவ்வொரு பாயின்ட்டிலும் முதலில் கதவைத் திறப்பது அல்லது பட்டனை அழுத்துவது. அலாரம் வர வேண்டும். மூடினால் நார்மல் திரும்ப வேண்டும். பிறகு ரெசிஸ்டருக்கு முன்னால் இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் ஷார்ட் செய்வது. ஷார்ட் ஃபால்ட் என்று வர வேண்டும், நார்மல் என்று வரக் கூடாது. கடைசியாக ஒரு வயரைக் கழற்றுவது. ஓப்பன் ஃபால்ட் வர வேண்டும்.

திரையில் வந்த பெயரை எதிர்முனையில் இருப்பவர் வாய்விட்டுப் படிக்கட்டும். 4ஆம் தளத்தில் நின்று திறக்கும்போது '3ஆம் தளம்' என்று படித்தால் இரண்டு வயர் இடம் மாறியிருக்கிறது. மென்பொருளில் பெயரை மாற்றிச் சரிசெய்யாமல் வயரையே மாற்றுங்கள், ஃபெரூலும் டிராயிங்கும் பொருந்தி நிற்கும். எல்லாப் பாயின்ட்டையும் சோதித்த பிறகு கன்ட்ரோலரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, ஒரு கதவைத் திறந்து மூடி, மறுபடி மாட்டுங்கள். இடையில் நடந்தது நேரத்தோடு வந்து சேர்ந்தால் கன்ட்ரோலரின் நினைவகம் வேலை செய்கிறது. அப்புறம் மெயின் சப்ளையை அணைத்து பேட்டரியில் ஓடும்போதும் ஒரு பாயின்ட்டைப் பாருங்கள்.

முதல் சில வாரங்கள்

ஒப்படைத்த பிறகு வாரம் ஒருமுறை அலாரம் ரிப்போர்ட்டை எடுத்து, எந்தப் பாயின்ட் அதிகம் வந்தது என்று வரிசைப்படுத்துங்கள். மேலே இருக்கும் நான்கைந்து பாயின்ட்கள்தான் பெரும்பாலான சத்தத்துக்குக் காரணமாக இருக்கும். ஏ.சி. காற்று நேராக அடிக்கும் பி.ஐ.ஆர்., வெயில் விழும் ஜன்னலைப் பார்க்கும் பி.ஐ.ஆர்., காந்தம் தள்ளிப்போன கதவு, ரெக்ஸ் இல்லாத கதவு. இடத்துக்கே போய்ச் சரிசெய்யுங்கள். காவலர் ஒரே இரவில் ஒரே கதவுக்கு இருபது தடவை அக்னாலெட்ஜ் அழுத்தினால், இருபத்தோராவது தடவையும் பார்க்காமல்தான் அழுத்துவார். அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. தொல்லைக்காக யாராவது ஒரு பாயின்ட்டை நிரந்தரமாக மாஸ்க் செய்திருக்கிறார்களா என்பதையும் அதே ரிப்போர்ட்டில் தேடுங்கள்.

பேனிக் பட்டனை மாதம் ஒருமுறையாவது அழுத்திச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். மற்றவற்றை ஆண்டுப் பராமரிப்பில் ஓம் அளந்து பழைய எண்ணோடு ஒப்பிடலாம், வடகிழக்குப் பருவமழைக்கு முன் வெளிப்புறப் பாயின்ட்களை மட்டும் தனியாக ஒரு சுற்று. ஃபர்ம்வேர் மாற்றினாலோ போர்டு மாற்றினாலோ அந்த போர்டின் எல்லா இன்புட்டுக்கும் மறுபடி சோதனை, டேட்டாபேஸுக்கு ஒரு புதிய பேக்கப். பாயின்ட் லிஸ்டின் ஒரு பிரதியைக் கட்டட நிர்வாகியிடம் கொடுங்கள், இன்னொன்றைக் கன்ட்ரோலர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் உறையில் ஒட்டுங்கள்.